நாற்பது நாள் நோன்பும் அகக்கண்ணின் ஒளியும்

தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நம் குடும்பங்களில் பல சமயத்தாரும் உளர். ஒரே மாடிப்படியைப் பகிர்ந்து கொள்ளும் நான்கு வீடுகளில், ஒரு வீட்டில் கார்த்திகை விளக்கு ஏற்றப்படும். மற்றொரு வீட்டில் ரமலான் நோன்பு நோற்கப்படும். பிறிதொரு வீட்டிலோ மாசி, பங்குனி மாதங்களில் புலால் உணவு நின்றுவிடும். அந்த வீட்டாரை “என்ன விசேஷம்?” என்று வினவினால், கத்தோலிக்கராயின் “தவக்காலம்” என்பர், சீர்திருத்த சபையாராயின் “லெந்து நாட்கள்” என்பர். உணவைக் குறைக்கும் விரதம் என்ற அளவில் அதனை நாம் யாவரும் அறிவோம். ஆயின் அந்நோன்பில் நாவுக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் ஒரு விரதம் உண்டு என்பதையும், அந்த விரதத்தின் பயனாக ஒரு புதிய பார்வை நாடப்படுகிறது என்பதையும் பலர் அறியார். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் காலக்கணக்கைக் காண்போம். சாம்பல் புதன் தொடங்கி உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தின நாள் வரை நாற்பத்தாறு நாட்கள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் மகிழ்ச்சிக்குரியவை ஆதலின் அவற்றை நீக்கினால் நாற்பது. உயிர்ப்பு விழாவின் நாளோ சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுவது. மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முதற் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே அவ்விழா. ஆகவே நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் கணக்கின்படி அது மார்ச் 22க்கு முன்னும் வாராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் வாராது. “லெந்து” என்னும் சொல்லின் வரலாறும் இங்கு நினைக்கத் தக்கது. பழைய ஆங்கிலத்தில் அது வசந்த காலத்தைக் குறித்த சொல். பகற்பொழுது நீளுதல் என்னும் பொருளோடு தொடர்புடையது. பனிக்காலத்து இருள் தேய்ந்து பகல் வளரும் நாட்களில் இந்நோன்பு அமைந்திருப்பதால், ஒளியைப் பற்றிய எண்ணம் அதன் பெயரிலேயே பொதிந்து கிடக்கிறது எனலாம்.

எனினும் இக்காலம் ஒளியோடு தொடங்குவதில்லை, சாம்பலோடு தொடங்குகிறது. முந்தின ஆண்டுக் குருத்து ஞாயிறன்று மகிழ்ந்து ஏந்திய ஓலைகளை எரித்து, அச்சாம்பலையே தலையிலும் நெற்றியிலும் இடுவது கத்தோலிக்க வழக்கம். பீடத்து மலர்கள் மறைகின்றன. குருவின் உடை ஊதா நிறம் ஆகிறது. பல ஆலயங்களில் ஐந்தாம் ஞாயிறு நெருங்கியதும் சிலுவைகளையும் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவர். ஆண்டு முழுதும் கண்குளிரக் கண்ட உருவங்கள் அந்நாட்களில் கண்ணுக்குக் கிட்டா. சிலுவையின் திரை பெரிய வெள்ளியன்று நீங்கும். ஏனையவை உயிர்ப்பு விழாவுக்கு முன்னரே திறக்கப்படும்.

இடைக்கால ஐரோப்பாவில் இவ்வழக்கம் இன்னும் கடுமையாக இருந்தது. பீடத்தையே முழுதும் மறைக்கும்படி பெரியதொரு திரையைத் தொங்கவிடுவர். ஜெர்மானிய மொழி வழங்கும் நாடுகளில் இதனைப் “பசித்துணி” என்று அழைத்தனர். கண்ணின் பசி என்பதே கருத்து. ஆஸ்திரியா நாட்டுக் குர்க் பேராலயத்தில் 1458இல் தீட்டப்பெற்ற அத்தகைய திரை ஒன்று இன்றும் உள்ளது. திருமறை வரலாற்றின் தொண்ணூற்றொன்பது காட்சிகள் அதில் வரையப்பட்டுள்ளன. மறைக்க வந்த துணியே எழுத்தறியா மக்களுக்குப் பாடப்புத்தகம் ஆயிற்று என்பது வியப்பன்றோ? மறைந்துபோன இவ்வழக்கத்தை 1976இல் மிசெரியோர் என்னும் ஜெர்மன் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனம் மீண்டும் தொடங்கியபோது, முதல் திரையைத் தீட்டியவர் நம் இந்திய ஓவியர் ஜோதி சாஹி ஆவார். ஏழை நாடுகளின் பசியை ஐரோப்பியர் கண்முன் கொணர்வதே அப்புதிய திரைகளின் பணியாயிற்று.

காண வேண்டியதை ஏன் மறைத்தல் வேண்டும் என்ற வினா எழலாம். இதற்கு விடை காணப் பெரிய தத்துவம் வேண்டுவதில்லை. புகைவண்டி நிலையத்தில் பணிபுரியும் எம் போன்றோர் அன்றாடம் காண்பது ஒன்று உண்டு. மேடையில் தொங்கும் பெரிய கடிகாரத்தை ஆயிரவர் கடந்து செல்வர். ஒருவரும் அதனை ஒரு பொருளாக எண்ணார். அதன்மேல் ஒரு நாள் துணியைப் போர்த்திப் பழுதுபார்க்கத் தொடங்கினால், அன்று கடப்பவரெல்லாம் அண்ணாந்து பார்த்து, “கடிகாரம் என்னவாயிற்று?” என்பர். பழகிய பொருள் கண்ணில் படும், கருத்தில் படாது. அதனைச் சிறிது காலம் மறைத்து, மனிதனை ஏங்கவைத்து, மீண்டும் காட்டும்போது அவன் அதனை முதன்முறையாகக் காண்கிறான். தவக்காலத் திரையின் பயன் இதுவே.

இருளைக் கொண்டு ஒளியைக் கற்பிக்கும் மற்றொரு வழிபாடும் உண்டு. இலத்தீன் மொழியில் அதற்கு “இருள்” என்றே பெயர். புனித வாரத்தின் கடைசி மூன்று நாட்களுக்கு உரிய இவ்வழிபாட்டில், முக்கோண வடிவான தண்டில் பதினைந்து மெழுகுதிரிகள் எரியும். ஒவ்வொரு சங்கீதம் முடியும்போதும் ஒரு திரி அணைக்கப்படும். ஆலயம் சிறுகச் சிறுக இருளில் ஆழும். இறுதியில் எஞ்சிய ஒரு திரியை மட்டும் அணைக்காமல் பீடத்தின் பின்னே மறைத்து வைப்பர். புத்தகங்களையும் இருக்கைகளையும் தட்டிப் பேரொலி எழுப்பியபின் அத்திரி மீண்டும் கொணரப்படும். ஒளி மறைந்ததேயன்றி மாயவில்லை என்பது அதன் பொருள். இன்று பெரும்பாலான ஆலயங்களில் இவ்வழிபாடு அருகிவிட்டது. சில இடங்களில் மட்டும் போற்றப்படுகிறது.

இவ்வாறு கண்ணை நோன்பிருக்கச் செய்வது எதற்காக? அதற்கு விடையாக இக்காலத்தில் வாசிக்கப்படும் வரலாறு ஒன்று உண்டு. யோவான் எழுதிய நற்செய்தி நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் பிறவிக் குருடனின் கதையே அது. கத்தோலிக்க சபையில் 1969இல் வெளிவந்த வாசக அட்டவணை மூன்றாண்டுச் சுழற்சி உடையது. அதன் முதலாண்டில் தவக்காலத்து நான்காம் ஞாயிறன்று இது வாசிக்கப்படும். 2023இலும் 2026இலும் அவ்வாறே வந்தது. அயலிலுள்ள கேரளத்து மலங்கரைச் சிரிய மரபினர் பெருநோன்பின் ஆறாம் ஞாயிறைக் குருடனின் ஞாயிறாகவே கொண்டாடுவர். அவர்தம் நோன்புக்கால ஞாயிறுகளில் குஷ்டரோகி, திமிர்வாதக்காரன், கானானியப் பெண், கூனி ஆகியோர் வரிசையாக வந்து, முடிவில் குருடன் வருகிறான். நோய்கள் பல நீங்கியபின் கடைசியாகத் திறப்பது கண் என்பது கருதத் தக்கது.

கதை வருமாறு: எருசலேம் நகரில் வழியோரம் அமர்ந்து பிச்சையெடுக்கும் பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனதா, இவனைப் பெற்றோரதா என்று தம் குருவை வினவினர். அவரோ இருவருடையதும் அன்று எனத் திட்டமாக மறுத்தார். அங்கவீனத்தைக் கண்டவுடன் அதற்குக் குற்றவாளியைத் தேடும் பழக்கம் எல்லா நாட்டாரிடமும் உண்டு; நம் வீடுகளிலும் இல்லாமலில்லை. அப்பழக்கத்தை வேரோடு களைந்தபின்னரே குணமாக்கும் செயல் தொடங்குகிறது.

அச்செயலும் விந்தையானது. அவர் மண்ணில் உமிழ்ந்து சேறுண்டாக்கி, அதனைக் குருடனின் கண்களில் பூசி, சிலோவாம் குளத்திற்குப் போய்க் கழுவச் சொன்னார். ஏற்கெனவே காணாத கண்ணைச் சேறுகொண்டு மேலும் மூடியது ஏன்? ஆலயத்தில் சிலுவையை மூடுவதும் இதுவும் ஒரே பாடமே போலும். அந்த மனிதன் சேறு பூசிய முகத்தோடு, இன்னும் குருடனாகவே, தட்டுத்தடுமாறி நடந்து குளத்தை அடைய வேண்டியிருந்தது. நடந்தபின்னரே ஒளி கிட்டியது. அக்குளம் கற்பனையன்று. கீகோன் ஊற்றின் நீர் பாறையைக் குடைந்த ஏறக்குறைய 530 மீட்டர் நீளமுள்ள சுரங்கக் கால்வாய் வழியாக அப்பகுதிக்கு வருகிறது. 2004இல் எருசலேமில் கழிவுநீர்க் குழாயைச் செப்பனிடத் தோண்டியபோது அக்காலத்துக் குளத்தின் கற்படிகள் வெளிப்பட்டன.

இக்கதையில் நம் போன்றோர் நெஞ்சைத் தைக்கும் பகுதி இனிமேல்தான் வருகிறது. பார்வை பெற்று அவன் திரும்பி வந்தபோது, அண்டை வீட்டாருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. சிலர் அவனே என்றனர். சிலர் அவனைப் போன்ற வேறொருவன் என்றனர். அவன்தானே நான்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இத்தனை ஆண்டுகளாக அவனை நாள்தோறும் கண்டவர்கள் கண்டது என்ன? நீட்டிய கையையும் பிச்சைப் பாத்திரத்தையும் கண்டனர், முகத்தைக் காணவில்லை. பிச்சைக்காரன் என்ற பெயர் நீங்கியதும், அவர்கள் அறிந்திருந்த மனிதனே இல்லாமற் போய்விட்டான். குருடாயிருந்தவர் யார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

வடக்கே வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். நம்முள் நாகர்கோயிலார் உண்டு, சேலத்தார் உண்டு. ஆசிரியர், தையற்காரர், கணக்கர், செவிலியர் எனப் பலர் உண்டு. ஆயினும் சந்தையிலும் பேருந்திலும் நம் எல்லோருக்கும் “மதராஸி” என்ற ஒரே பெயர் போதும் என்று கருதுவோர் இன்றும் உளர். நம்மைக் கண்டும் காணாத அந்தக் கண் நமக்கு வருத்தமளிக்கிறது. ஆனால் நாமும் அதே கண்ணால் பிறரை நோக்குகிறோமா என்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரின் பெயர் நமக்குத் தெரியும். அவர் எந்த ஊரினர், அவருக்கு எத்தனை மக்கள் என்பது தெரியுமா? வண்டியில் பாடிக்கொண்டு வரும் கண்ணிழந்தவரின் கையில் நாணயத்தை இடுகிறோம்; அவரோடு ஒரு வார்த்தை பேசியதுண்டா?

கதையின் பிற்பகுதியில் விசாரணை நடைபெறுகிறது. அதிகாரம் உடையோர் அவன் பெற்றோரை அழைத்து வினவினர். தொழுகைக் கூடத்திலிருந்து விலக்கப்படுவோம் என்று அஞ்சிய பெற்றோர், அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனையே கேளுங்கள் என்று நழுவிக்கொண்டனர். தனித்து நின்ற அவனோ, தன்னைக் குணமாக்கியவரை முதலில் ஒரு மனிதர் என்றான். பின்னர்த் தீர்க்கதரிசி என்றான். அதன்பின் கடவுளிடமிருந்து வந்தவர் என்றான். இறுதியில் ஆண்டவர் என்று பணிந்தான். அவன் பார்வை படிப்படியாக வளர்ந்தது. எல்லாம் தெரியும் என்று கூறியவர்களின் பார்வையோ படிப்படியாகக் குன்றியது. அவர்கள் அவனை வெளியே தள்ளினர். தள்ளப்பட்டான் என்று கேள்விப்பட்டு இயேசு அவனைத் தேடிச் சென்றார் என்று கதை முடிவை நெருங்குகிறது. ஊரை இழந்து, துணையை இழந்து நிற்பவனைத் தேடிச் செல்லும் கண்ணே அகக்கண் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பண்டைக் கிறித்தவர் ஞானஸ்நானத்தையே “ஒளியூட்டல்” என்று அழைத்தனர். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த யுஸ்தீன் அதனைக் குறிப்பிட்டுள்ளார். நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், உயிர்ப்பு விழாவன்று ஞானஸ்நானம் பெற இருந்தோர்க்குத் தவக்காலத்தில் போதித்தபோது, அவர்களை ஒளியூட்டப்படுவோர் என்றே விளித்தார். அதே நூற்றாண்டில், 381க்கும் 384க்கும் இடையில் அங்குச் சென்ற எகேரியா என்னும் பெண் யாத்திரிகர், மாலை வழிபாட்டில் ஏற்றப்படும் விளக்குகளுக்கு நெருப்பு வெளியிலிருந்து வருவதில்லை என்றும், இயேசுவின் கல்லறைக் குகையினுள் இரவும் பகலும் எரியும் விளக்கிலிருந்தே எடுக்கப்படுகிறது என்றும் எழுதி வைத்தார்.

அந்த ஒளியே நாற்பது நாளின் முடிவில் வெளிப்படுகிறது. உயிர்ப்பு விழாவின் முன்னிரவில் ஆலயத்து விளக்குகள் யாவும் அணைந்திருக்கும். வெளியே புது நெருப்பு மூட்டி, அவ்வாண்டின் எண் பொறித்த பெரிய பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றுவர். அந்த ஒற்றைச் சுடர் இருண்ட ஆலயத்துள் நுழையும். மூன்று இடங்களில் நின்று அதனை உயர்த்தி ஒளியைப் போற்றிப் பாடுவர். பின்னர் ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்கு நெருப்பு கைமாறிச் செல்லும். பல நூற்றாண்டுகளாக இச்சடங்கு சனிக்கிழமை காலையிலேயே, பட்டப்பகலில் நடந்துவந்தது என்பது பலர் அறியாத செய்தி. சூரிய ஒளியில் மெழுகுதிரி என்ன விளங்கும்? போப் பன்னிரண்டாம் பயஸ் 1951இல் சோதனையாகவும், 1955இல் பிறப்பித்து அடுத்த ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த ஆணையால் நிலையாகவும் அதனை இரவுக்கு மீட்டார். இருள் இருந்தாலன்றி ஒளி பேசாது என்பதை அம்மாற்றம் உணர்த்திற்று.

அந்த இரவில் ஒருவர் தம் திரியை ஏற்றிக்கொள்ள அடுத்தவர் பக்கம் திரும்பியே ஆக வேண்டும். திரும்பும்போது அச்சிறு சுடரின் வெளிச்சத்தில் முதலில் தெரிவது பீடமன்று; பக்கத்தில் நிற்பவரின் முகம்.

அன்பர்களே, நம் அண்டை வீட்டில் இந்நோன்பு நோற்கப்படும்போது, உணவு மாறியதை மட்டும் கவனித்து நின்றுவிடாது, அதன் உட்பொருளையும் அவர்களிடம் கேட்டறிவோமாக. நோன்பு நோற்கும் கிறித்தவ அன்பர்களும் தம் மக்களுக்கு இதனை நம் தாய்மொழியில் எடுத்துக் கூறுவார்களாக. அயல்மொழிப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் சடங்கை மட்டும் கண்டு பொருளை இழந்துவிடலாகாது. யார் எச்சமயத்தினராயினும், இந்நாட்களில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் ஒருவரையேனும் நின்று நோக்கி, அவர் ஊரையும் நலத்தையும் உசாவுவோமாக.