காலத்துக்கு முந்தி வரும் குழந்தை

வெளிமாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் முதல் பிரசவத்துக்கென்று ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடைபெறும். அதன்பின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். பேறு முடிந்து சில மாதங்கள் சென்றபின் தாயும் சேயும் கணவன் பணிபுரியும் ஊருக்குத் திரும்புவார்கள். அன்பும் அனுபவமும் சேர்ந்து அமைத்த முறை இது. ஆயினும் இம்முறை முழுவதும் ஒரே ஒரு கணக்கை நம்பி நிற்கிறது. குழந்தை குறித்த நாளில்தான் பிறக்கும் என்பதே அக்கணக்கு.

கர்ப்ப காலம், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் என்று கொள்ளப்படுகிறது. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று இதைக் கொள்ளலாம். எண்ணிக்கையில் முதலிடம் நம் நாட்டுக்கே. எனவே, ஊருக்குச் செல்லப் பயணச் சீட்டு வாங்கி வைத்திருக்கும் குடும்பத்திலும் குழந்தை தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பிறந்துவிடக்கூடும். அதற்கும் ஆயத்தமாக இருப்பது எப்படி என்பதே நாம் இங்கே விளக்க விரும்புவது.

முதலில், அவசர சிசேரியன் எதற்காகச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம். நஞ்சு, குழந்தை பிறக்கு முன்பே கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடலாம்; அப்போது குழந்தைக்குப் பிராணவாயு குறையும், தாய்க்கு ரத்தம் பெருகும். நஞ்சு கருப்பையின் வாயை மறைத்துக்கொண்டு கீழே அமைந்திருக்கலாம். தாயின் ரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வரும் நிலை ஏற்படலாம். பனிக்குடம் உடைந்து தொப்புள்கொடி முன்னே சரிந்துவிடலாம். குழந்தையின் இதயத் துடிப்பு தளரலாம். இந்நிலைகளில் குழந்தை வயிற்றில் இருப்பது தாய்க்கோ சேய்க்கோ இருவருக்குமோ ஆபத்தாகிவிடுகிறது. வயிற்றையும் கருப்பையையும் திறந்து குழந்தையை வெளியே எடுப்பதே அப்போது எஞ்சும் வழி.

இக்காலத்தில் சிசேரியன் மிகுந்துவிட்டது என்ற ஐயம் மக்களிடையே உண்டு. அது காரணமற்றதன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் நூற்றுக்கு 21.5 பிரசவங்கள் சிசேரியனாக நிகழ்ந்தன. தனியார் மருத்துவமனைகளில் இது 47.4, தமிழ்நாட்டில் 44.9. நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையானால், அது தேவைதானா என்று கேட்டுத் தெளிவது நம் உரிமை. ஆனால் ரத்தம் பெருகும்போது அவ்வையத்தை முன்வைத்து நேரத்தைக் கழிப்பது வேறு விஷயம்.

தாய்மார் மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்னும் இரு அறிஞர்கள், 1994இல் மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினார்கள். உதவி நாட முடிவு செய்வதில் தாமதம். மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம். அடைந்தபின் சிகிச்சை பெறுவதில் தாமதம். சொந்த ஊரை விட்டு வாழ்பவர்களுக்கு இம்மூன்றும் தனித்தனி உருவில் வருகின்றன.

முதல் தாமதம் பெரும்பாலும் தொலைபேசியில் நிகழ்வது. இரவில் சிறிது ரத்தம் கண்டால் கும்பகோணத்துக்கோ திருநெல்வேலிக்கோ பேசி, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பின் முடிவு செய்யலாம் என்று தோன்றும். கஷாயம் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று அங்கிருந்து பதில் வரலாம். சில அறிகுறிகளுக்கு யாருடைய யோசனையும் தேவையில்லை. ரத்தப்போக்கு, பனிக்குடநீர் வெளியேறுதல், 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வலி, குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலியுடன் பார்வை மங்கல், வலிப்பு ஆகிய இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே புறப்பட வேண்டும். பெரியவர்களுக்கு வழியில் செய்தி சொல்லலாம்.

இரண்டாம் தாமதத்தைத் தவிர்க்க, எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதை ஆறாம் மாதத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். அங்கே இரவும் பகலும் அறுவை சிகிச்சை நடைபெறுமா, ரத்தம் கிடைக்குமா, குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனி வார்டு உண்டா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டறிய வேண்டும். சிறிய குழந்தையைப் பிறந்தபின் வண்டியில் கொண்டு செல்வதைவிட, கருப்பையில் இருக்கும்போதே தாயைத் தகுந்த இடத்துக்குக் கொண்டு செல்வது நல்லது. 108, 102, 112 ஆகியவற்றுள் தம் பகுதிக்கு எந்த எண்ணில் அழைத்தால் ஆம்புலன்ஸ் விரைந்து வரும் என்பதை அண்டை வீட்டாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் தாமதம் மொழியாலும் தாள்களாலும் விளைவது. தாய் சேய் பாதுகாப்பு அட்டை, ஸ்கேன் அறிக்கை, ரத்த வகைச் சீட்டு ஆகியவை ஒரே பையில் இருந்தால் மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவையே விடை தந்துவிடும். இந்தி வழங்கும் ஊர்களில், ரத்தம் போகிறது என்பதற்குக் 'கூன் பஹ் ரஹா ஹை', நீர் போகிறது என்பதற்குப் 'பானி ஜா ரஹா ஹை', குழந்தை அசையவில்லை என்பதற்குப் 'பச்சா ஹில் நஹீன் ரஹா ஹை' என்ற மூன்று வாக்கியங்களைக் கர்ப்பிணிப் பெண் மனப்பாடம் செய்திருப்பது நலம். கணவன் அருகில் இல்லாத வேளையிலும் அவை உதவும்.

கணவன் வந்து கையெழுத்திட்டால்தான் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். வயது வந்து, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் உடலுக்குச் செய்யும் சிகிச்சைக்கு அவளுடைய ஒப்புதலே ஒப்புதல். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் நோயாளியின் சொந்த ஒப்புதலையே வலியுறுத்தியது. ஆகவே, கணவன் தொலைவில் பணியில் இருந்தாலும், பெண் படிவத்தைக் கேட்டறிந்து தானே கையொப்பமிடலாம். செலவைப் பற்றிய கவலைக்கும் விடை உண்டு. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரமத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, ஊர்தி ஆகியவை கர்ப்பிணிகளுக்கு இலவசம்; பிறந்த குழந்தைக்கு நோயென்றால் அதன் சிகிச்சையும் இலவசமே.

மருத்துவமனையில் சிறிது அவகாசம் இருந்தால், 34 வாரத்துக்கு உட்பட்ட கருவின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி ஆகியோர் 1972இல் இதன் பயனை வெளியிட்டார்கள். முதல் ஊசிக்குப்பின் ஒரு நாள் பொறுக்க முடிந்தால் பலன் மிகுதி. தாயைக் காலையில் சேர்த்தும் மறுநாள்தான் சிகிச்சை செய்தார்கள் என்று சிலர் குறைகூறுவதுண்டு. அத்தாமதத்துக்கு இவ்வூசியே காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வதால், தாய் விழித்திருந்து குழந்தையின் குரலைக் கேட்க முடியும். மிக அவசரமானால் முழு மயக்கம் கொடுப்பார்கள்.

பிறந்த குழந்தை உடனே அழாமலும் இருக்கலாம். அதைத் தனி வார்டுக்கு எடுத்துச் செல்லலாம். அங்கே அதற்கு வேண்டுவன வெப்பம், மூச்சுக்குத் துணை, தாய்ப்பால், கிருமியிலிருந்து பாதுகாப்பு என்னும் நான்குமே. உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குத் தாயின் பாலைக் கறந்து குழாய் வழியே கொடுப்பார்கள். தாய்க்குப் பால் வரத் தாமதமானால், பால் வங்கி உள்ள இடத்தில் வேறு தாய்மாரின் பால் கிடைக்கும். மும்பையில் தமிழர் மிகுதியாக வாழும் தாராவிக்கு அருகே, சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கப்பட்டதே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி.

வெப்பத்துக்கு மிகச் சிறந்த இடம் தாயின் மார்பு. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்னும் மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்பது இதுவே. இதைப் பிறந்தவுடனேயே தொடங்கினால் 1.8 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளின் மரணம் காற்பங்கு குறைகிறது என்று 2021இல் வெளிவந்த ஐந்து நாட்டு ஆய்வு காட்டியது. தில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனையும் அவ்வாய்வில் பங்குகொண்டது. தாய் தேறும்வரை தந்தையோ பாட்டியோ இவ்வாறு அணைத்துக்கொள்ளலாம்.

குழந்தை தேறியவுடன் ஊருக்கு அழைத்துச் செல்ல அனைவரும் விரைவார்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, குழந்தையின் விழித்திரையைக் கண் மருத்துவர் 30 நாட்களுக்குள் பார்க்க வேண்டும். மிகச் சிறிய குழந்தையானால் இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டால் தடுத்திருக்கக்கூடிய பார்வை இழப்பு நேரலாம். பயணத்தின் நடுவே இந்நாள் கடந்துவிடாதபடி, எந்த ஊரில் எந்த நாளில் பரிசோதனை என்பதை மருத்துவமனையை விட்டு வெளிவரும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏழு மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்று சொல்வார் சிலர். அது உண்மையன்று. கருப்பையில் நலமாகக் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமையே. குடம் தூக்கியதாலும் பேருந்தில் சென்றதாலும் இப்படி ஆயிற்று என்று தாயைக் குறைசொல்வதும் தகாது. குறைமாதப் பிறப்புகள் பலவற்றுக்குக் காரணம் புலப்படுவதே இல்லை. வயிற்றில் தையலோடு, குழந்தையை வேறு வார்டில் விட்டுவிட்டுப் படுத்திருக்கும் பெண்ணுக்கு அச்சொற்கள் பெரும் சுமை. தாய்வீடு தொலைவில் இருக்கும் அவளுக்கு, பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் வேளைக்குச் சூடான சோறு கொண்டு வந்து கொடுத்து, வார்டு வாசலில் காத்திருந்து, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லுமானால், அதுவே அந்நேரத்துக்குத் தாய்வீடாகும். நம் தெருவில் கர்ப்பிணிப் பெண் எவரேனும் இருப்பின், இவ்வுதவிக்கு நாம் ஆயத்தமாக இருக்கிறோம் என்பதை இன்றே அவளிடம் சொல்லி வைப்போமாக.