விடை தவறாத கேள்விகள்: டிமென்ஷியாவும் அறிவாற்றல் தூண்டலும்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் நினைவோடு சிந்தனை, மொழி, அன்றாடச் செயல்திறன் ஆகியவற்றையும் படிப்படியாகக் குலைக்கிறது. அதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லாததால், நோயோடு வாழும் ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன என்பது மருத்துவத்துக்கும் குடும்பத்துக்கும் முதன்மையான கவலையாக இருக்கிறது. இக்கவலைக்கு ஆய்வுச் சான்றோடு முன்வைக்கப்படும் மருந்தில்லா வழிகளுள் ஒன்று, பிரிட்டனில் உருவான அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை.

இதற்கு முன்னோடியாக அமெரிக்க மருத்துவமனைகளில் தோன்றிய ஒரு முறையில், நாளும் கிழமையும் இடமும் நோயாளிக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. பரிவின்றிக் கையாளப்பட்ட இடங்களில் அது அவரை ஓயாமல் தோற்கச் செய்யும் தேர்வாகிவிட்டது. எய்மி ஸ்பெக்டர், மார்ட்டின் ஓரல், பாப் உட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் அதிலிருந்த பயனுள்ள கூறுகளை எடுத்துக்கொண்டு, வாரம் இருமுறை, முக்கால் மணி நேரம் வீதம், ஏழு வாரங்களில் முடியும் 14 குழு அமர்வுகளை வடிவமைத்தனர். உணவு, இளமைக்காலம், ஒலிகள், நாட்டு நடப்பு, பணத்தைக் கையாளுதல் என ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு பொருள் உண்டு. எனினும் சிகிச்சையின் உயிர்நாடி பொருளில் இல்லை, கேட்கும் விதத்தில் இருக்கிறது: ஒரு படத்தைக் காட்டி ‘இவர் யார்?’ என்று கேட்காமல், இரு படங்களை வைத்து ‘இவர்களில் யார் அழகு, ஏன்?’ என்று கேட்கிறார்கள். முதற்கேள்வி இழந்த நினைவைச் சோதிக்கிறது. இரண்டாவதோ இன்னும் எஞ்சியிருக்கும் ரசனையையும் தீர்ப்பையும் மதித்து அழைக்கிறது, அதற்குத் தவறான விடையே கிடையாது. ‘என்னைத் தெரிகிறதா, பெயரைச் சொல்லுங்கள்’ என்று வருவோரெல்லாம் முதியவரைச் சோதிக்கும் வீடுகள் கற்க வேண்டியது இதைத்தான்.

201 பேர் பங்கேற்று 2003இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றோரின் அறிவாற்றலும், அவர்களே மதிப்பிட்ட வாழ்க்கைத் தரமும் மற்றவர்களைவிட மேம்பட்டன. வாழ்க்கைத் தரம் என்பது இங்கே உடல்நலம், மனநிலை, உறவுகள் முதலிய 13 கூறுகளைப் பற்றி நோயாளியே அளிக்கும் மதிப்பீடு. பராமரிப்போர் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே மதிப்பிடுவதால், நோயாளியை நேரில் கேட்பது இன்றியமையாதது. லேசான, மிதமான நிலையிலுள்ளோருக்குப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் தமிழ்ச் சூழலுக்கேற்ப இதைத் தகவமைத்திருக்கிறது.

பயன் மிதமானதே, நோயின் போக்கை அது நிறுத்துவதில்லை. குழுவுக்குப் பதிலாக வீட்டில் உறவினர் ஒருவரே நடத்திய தனிநபர் வடிவம், 2017இல் வெளியான ஆய்வில், நோயாளியின் அறிவாற்றலையோ வாழ்க்கைத் தரத்தையோ உயர்த்தவில்லை; ஆனால் பராமரிப்பவருடனான உறவு மேம்பட்டிருப்பதாக நோயாளிகள் மதிப்பிட்டனர், பராமரிப்போரின் வாழ்க்கைத் தரமும் உயர்ந்திருந்தது.