பேய் வீட்டின் சொந்தக்காரர்கள்

2011 ஓகஸ்ட் மாதம் ஏறக்குறைய முழுவதும் ரமழான். ஆண்கள் தராவீஹுக்குப் பள்ளிக்குப் போன நேரம், பெண்களும் பிள்ளைகளும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். வெளியே கிறீஸ் பூதம் திரிகிறதாம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசியவன், பிடித்தால் வழுக்கிவிடுவான், மதில் பாய்வான், பெண்களைக் கீறிவிட்டு ஓடுவான் என்று ஊருக்கு ஊர் கதை. சிங்களக் கிராமங்களில் 'கிறீஸ் யக்கா' என்பது பழைய சங்கதி. பிடிபடாமலிருக்க உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு வரும் கள்ளன்தான் அவன். கள்ளன் எப்போது பூதமானான் என்று கேட்க அந்த மாதம் யாருக்கும் நிதானம் இருக்கவில்லை. கிண்ணியாவில் மக்கள் படைமுகாமோடு மோதினார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள்.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ராகவா லோரன்ஸின் 'காஞ்சனா' படம் வெளிவந்திருந்தது. படத்துப் பேயைப் பார்த்து எங்கட பிள்ளைகள் சிரித்தார்கள். வாசலில் நின்ற பூதத்துக்குப் பயந்தார்கள். திகில் கதையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காஞ்சனாவுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய காணியை ஓர் அரசியல்வாதி பறிக்கிறான். தட்டிக் கேட்டவளைக் கொல்கிறான். அவளுக்கு அடைக்கலம் கொடுத்த முஸ்லிம் பெரியவரையும் அவருடைய மகனையும் சேர்த்துக் கொன்று அதே காணியில் புதைக்கிறான். தமிழ்ப் பேய்க்கதைகளில் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்த்தவைதான். பேய் என்பது கோட்டுக்குப் போக முடியாமல் செத்த சாட்சி. அதனால்தான் முதல் பாதியில் பயந்த நாம் இரண்டாம் பாதியில் பேயின் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். கிறீஸ் பூதத்துக்கு வழக்கு ஏதும் இல்லை, முகமும் இல்லை. முகமில்லாத இடத்தில் ஒவ்வோர் ஊரும் தான் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த முகத்தை ஒட்டிக்கொண்டது. சிலருக்கு அது படைக்காரன், சிலருக்கு அயல் ஊரான்.

பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா'விலும் இதே வேலை நடக்கிறது. கிழக்கே எங்கோ ஒரு கோட்டையிலிருந்து பிரபு ஒருவன் இலண்டனுக்கு வருகிறான், வீடு வாங்குகிறான், உள்ளூர்ப் பெண்களின் இரத்தத்தைக் குடிக்கிறான். சிலுவையைக் காட்டினால் பின்வாங்குகிறான். வந்தேறியைப் பற்றிய பயத்துக்கு இரண்டு கோரைப்பல் வைத்தால் டிராகுலா. (துருக்கியரோடு தன் குலம் போரிட்ட பெருமையையும் அவன் நாவலில் அவிழ்த்து விடுகிறான். எங்கட வாசகர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நெளிவது நியாயம்.)

இனி நம்மவர்களின் கேள்விக்கு வருவோம். இதையெல்லாம் ஒரு முஸ்லிம் வாசிக்கலாமா, எழுதலாமா? மௌலவிமாரின் பதிலை அவர்களிடமே விடுகிறேன். கதை எழுதுகிறவனுக்கு நம் அகீதா என்ன தருகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். இறந்தவரின் ரூஹ் பர்ஸகில் இருக்கிறது, மறுமை நாள்வரை அங்கிருந்து திரும்பி வருவதில்லை. ஆகவே செத்தவர் பேயாக அலைவது என்பது நமக்கு இல்லாத விஷயம். ஜின் உண்டு. ஆனால் ஜின் கெட்டதற்கென்றே படைக்கப்பட்ட இனமல்ல. மனிதனைப் போல அதற்கும் கேள்வி கணக்கு உண்டு. குர்ஆனின் 72ஆம் அத்தியாயமே ஓதலைக் கேட்டு ஈமான் கொண்ட ஜின்களைப் பற்றிப் பேசுகிறது. இப்லீஸுக்குக்கூட அழைப்பதற்கும் ஊசலாட்டம் போடுவதற்கும் மேல் மனிதன்மீது அதிகாரமில்லை. அப்படியென்றால் முஸ்லிம் எழுதும் திகில் கதையில் முழு வில்லனாக நிற்க ஓர் அமானுஷ்யம் கிடைப்பது கஷ்டம். அழைத்தவனைவிட, அந்த அழைப்புக்குக் காது கொடுத்த மனிதன்தான் பயங்கரமானவனாக வர வேண்டியிருக்கும்.

2014இல் வந்த துருக்கிப் படம் 'ஸிஜ்ஜீன்' இதைப் பாதி புரிந்துகொண்டது. ஜின் தானாக வருவதில்லை. சொந்தக்காரன்மேல் ஆசைப்பட்ட ஒருத்தி அவன் மனைவிக்கு ஸிஹ்ர் செய்விக்கிறாள், அந்த வழியால் வருகிறது. பொறாமைதான் வாசல். ஆனால் போகப்போக அலறலும் இரத்தமும் பொறாமையை மூடிவிடுகின்றன. எகிப்திய மருத்துவர் அஹ்மத் காலித் தௌஃபீக் இதைவிடக் கெட்டிக்காரர். 1993இல் அவர் தொடங்கிய 'மா வராஅ அத்தபீஆ' பொக்கெட் நாவல் வரிசையின் நாயகன் ரிஃப்அத் இஸ்மாயீல் ஒரு நோயாளிக் கிழவர், இரத்தநோய் நிபுணர், எதையும் இலேசில் நம்பாதவர். நம்பாதவர் பயப்படும்போது வாசகரும் பயப்படுகிறார். அரபுலகில் ஒரு தலைமுறையே இந்தப் புத்தகங்களால் வாசிக்கப் பழகியது. தமிழில் அவற்றுக்கு நிகராக முஸ்லிம் எழுத்தாளர் யாரும் இறங்கவில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் மக்களின் பயத்தைக் காசாக்கும் தங்கள் ஒருவர் வருகிறார். அவரை நான் அசல் திகில் பாத்திரமாகவே வாசிக்கிறேன். பேயைக் காட்டாமலே பேயின் வேலையை அவர் செய்துவிடுகிறார்.

ஆனாலும் என் மனதை விட்டு அகலாதது வைக்கம் முஹம்மது பஷீரின் 'நீல வெளிச்சம்'. 1964இல் 'பார்கவி நிலையம்' என்று மலையாளப் படமாகவும் வந்த கதை. எழுத்தாளன் ஒருவன் மலிவு வாடகைக்கு ஒரு வீட்டை எடுக்கிறான். எடுத்த பிறகுதான் அது பேய் வீடென்று தெரிகிறது, பார்கவி என்ற பெண் அந்த வளவுக் கிணற்றில் விழுந்து செத்தவள். அவன் ஓதிப் பார்க்கிறவரைத் தேடி ஓடவில்லை, நூல் கட்டவில்லை. அவளோடு கதைக்கத் தொடங்குகிறான். ஒரே வீட்டில் இருக்கும் மரியாதையோடு கதைக்கிறான். ஓர் இரவு எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைகிறது. எண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் அறை முழுக்க நீல வெளிச்சம். அவ்வளவுதான் கதை. இதில் வில்லன் கிடையாது. வெற்று வீட்டுக்குள் போகிறவன், அங்கே தனக்கு முன்பு இருந்தவருக்குச் சலாம் சொல்வது போன்ற ஓர் அடக்கம் மட்டும் இருக்கிறது.

வன்னியில் இருந்து இந்தக் கதையை வாசிக்கிறவனுக்கு அந்த அடக்கம் வேறு மாதிரிப் படும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, கிளிநொச்சியின் நாச்சிக்குடா போன்ற ஊர்களில் வீடுகள் ஒரேயடியாக வெறுமையாயின. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2009க்குப் பிறகு வந்து பார்த்தவர்களுக்குக் காடேறிய வளவுகளும் கூரையில்லாத சுவர்களும்தான் எஞ்சியிருந்தன. அதே மண்ணில் கடைசி மாதங்களின் ஷெல்லடியில் செத்த தமிழ்ச் சனத்தின் வீடுகளும் அப்படியே கிடந்தன. ஆள் இல்லாத வீட்டை ஊர்ச்சனம் என்னவென்று சொல்லும்? "அந்த வளவுக்குள்ள போகாத, அங்க ஒண்டு நிக்குது" என்று சொல்லும்.

பேய் வீட்டுக் கதைகளில் பெரும்பாலானவை வீட்டுக்குப் புதிதாக வருகிறவனின் கண்ணால் எழுதப்படுகின்றன. பயம் அவனுடையது, தப்பிப்பதும் அவனே. அந்த வீட்டை விட்டுப் போனவர் உயிரோடுதான் இருக்கிறார், சாவி இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது என்றால் கதை எப்படி ஓடும்? அவர் திரும்பி வந்து படலையைத் தள்ளும்போது உள்ளே இருப்பவர்களுக்கு அவர்தானே பேய்? பேய் வீட்டு உரிமையாளரின் பக்கமிருந்து எழுதிய திகில் கதை ஒன்றும் தமிழில் என் கண்ணில் படவில்லை. சாளம்பைக்குளத்திலும் நீராவிப்பிட்டியிலும் அதை எழுதக்கூடிய வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜின்னும் வேண்டாம், கிறீஸும் வேண்டாம். உம்மம்மாமார் இன்னும் உயிரோடிருக்கும்போது, எந்த அறையில் எது இருந்தது, கிணறு எந்தப் பக்கம், போகிற அவசரத்தில் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டாலே போதும்.