ஆடிய கையொப்பங்கள் எங்கே போயின?

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய்விருந்து களைகட்டும். இன்றைக்கு வாங்குகிற மொய், நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதற்கு நோட்டு இருக்கும். இணையத்தில் 'உங்க படத்தை ஃப்ரீயா வச்சுக்கோங்க' என்று கூப்பிட்ட நிறுவனங்களும் ஒருவகையில் மொய் வைத்தவர்கள்தான். ஆனால், அந்த நோட்டு நம் கையில் இல்லை.

ஈகரை, யாழ் போன்ற தமிழ்க் கருத்துக்களங்களில் புழங்கியவர்களுக்கு இது புரியும். ஒவ்வொரு பதிவின் கீழும் எழுதியவரின் கையொப்பம் தானாக வந்து நிற்கும். சிலர் ஒரு குறளோடு முடித்துக்கொள்வார்கள். சிலருக்கு எரிகிற தீபம், சிறகடிக்கும் பட்டாம்பூச்சி, சிகரெட்டைச் சுண்டிப் பிடிக்கும் ரஜினி என ஏதாவது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஆட்டத்துக்குக் காரணம் ஜிஃப் என்ற கோப்பு வகை. அமெரிக்காவின் காம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையில் 1987-ல் உருவானது. (அதை 'கிஃப்' என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது. தமிழில் அந்தச் சண்டை எடுபடவில்லை.) நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் பொம்மை வரைந்து சர்ரென்று புரட்டினால் ஓடுமே, அதே வித்தைதான். ஒரு சட்டத்துக்கு 256 நிறங்களுக்கு மேல் கிடையாது. முகங்கள் திட்டுத்திட்டாகத் தெரிந்தது அதனால்தான்.

பல களங்கள் இந்தப் படங்களைத் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்வதில்லை, இடத்துக்குச் செலவாகும். எனவே ஃபோட்டோபக்கெட், டைனிபிக், இமேஜ்ஷாக் போன்ற தளங்களில் படத்தை ஏற்ற வேண்டும். அது தரும் நேரடி முகவரியை எடுத்து, கையொப்பப் பெட்டியில் இரண்டு 'ஐஎம்ஜி' குறிகளுக்கு நடுவே ஒட்டினால் வேலை முடிந்தது. படத்தின் முகவரிக்குப் பதில் அது இருக்கும் பக்கத்தின் முகவரியை ஒட்டிவிட்டு, 'ஏன் வரலை?' என்று கேட்காத புதியவர்கள் குறைவு.

சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. படம் களத்துக்குள் வரவே இல்லை. யார் பக்கத்தைத் திறந்தாலும் அவருடைய உலாவி அந்த வெளித்தளத்துக்கு ஓடிப்போய் வாங்கிவருகிறது. செலவு அவர்களுக்கு, அழகு நமக்கு.

படிப்பவருக்கும் சுமைதான். ஒரு பக்கத்தில் 20 பேர், ஆளுக்கு 500 கேபி கையொப்பம் என்றால் 10 எம்பி. 2004-ல் இந்திய அரசு பிராட்பேண்ட் என்று வரையறுத்த வேகம் விநாடிக்கு 256 கிலோபிட். அந்த வேகத்தில் படங்கள் மட்டும் இறங்கவே ஐந்து நிமிடம் தாண்டும். கையொப்பத்துக்கு அளவு வரம்பு வைத்த நிர்வாகிகளைத் திட்டியதெல்லாம் அநியாயம்.

2017 ஜூன் இறுதியில் ஃபோட்டோபக்கெட் நோட்டைத் திறந்தது. வேறு தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 26 ஆயிரம் ரூபாய். கட்டாதவர்களின் படங்கள் இருந்த இடத்தில், கணக்கைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புப் படம் வந்து உட்கார்ந்தது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கையொப்பங்கள் செத்தன. டைனிபிக் 2019 செப்டம்பரில் மூடியே போனது.

இந்தச் சிக்கல் கையொப்பத்தோடு நிற்கவில்லை. 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில் தமிழ் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. அந்தக் காலத்துப் பதிவுகளில் எழுத்து அப்படியே இருந்தாலும், இப்படி வெளியில் வைத்து ஒட்டிய படம் இருந்தால் அதன் ஆயுள் அந்த வெளித்தளத்தின் ஆயுள்தான்.

இன்று வாட்ஸ்அப்பில் பூத்தூவி வரும் காலை வணக்கம் வேறு மாதிரி. அது பெயருக்குத்தான் ஜிஃப். உள்ளே இருப்பது சத்தமில்லாத குட்டி வீடியோ. முகவரியாக வராமல் கோப்பாகவே வருவதால், இறக்கிய ஒவ்வொரு போனிலும் ஒரு பிரதி தங்கிவிடுகிறது. கேலரி நிறைகிறது என்று அலுத்துக்கொள்கிறோம், ஆனால் நாமே அழித்தாலொழிய அது பெரும்பாலும் தானாகப் போகாது.

தொலைந்த பழைய கையொப்பத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. படத்தின் நேரடி முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பிரதி கிடைக்கும். முகவரி நினைவில் இல்லையா? களம் இன்னும் இயங்குகிறது என்றால், உள்ளே நுழைந்து கையொப்பத்தைத் திருத்தும் பெட்டியைத் திறந்து பாருங்கள். படம் போயிருந்தாலும் நீங்கள் ஒட்டிய முகவரி அங்கேதான் இருக்கும்.