வைத்தியப் பதிவேடும் தனியாள் மருத்துவமும்

ஒரே நோய்க்கு ஒரே மருந்தை ஒரே அளவில் உட்கொண்ட இருவருள் ஒருவர் சுகமடைய, மற்றவர் அம்மருந்தினாலேயே உயிராபத்தெய்தும் விந்தையை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்துள்ளனர். நோயின் அளவோடு நோயாளியின் அளவையும் வைத்தியன் கருதல் வேண்டுமெனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துள்ளமை ஈண்டு நினைத்தற்குரியது. எனினும், நோயாளியின் அளவு என்பது யாது, அதனை அறிவது எங்ஙனம், அறிந்ததை மருந்தெழுதும் வேளையில் வைத்தியரின் கண்முன் கொண்டுவருவது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு நுணுக்கமான விடை காணும் முயற்சி அண்மைக்காலத்ததே. தனியாள் மருத்துவம் எனப்படுவது அம்முயற்சியாகும். அதற்கு இரு கருவிகள் வேண்டும்: ஒன்று பரம்பரையலகுச் சோதனை, மற்றது கணினியிற் பேணப்படும் இலத்திரனியல் மருத்துவப் பதிவேடு. முன்னதன் புகழ் யாவரும் அறிந்தது. பின்னதோ எழுதுவினைஞரின் வேலையெனக் கருதப்பட்டு மதிப்புக் குன்றி நிற்கின்றது. அம்மதிப்பீடு தவறானது என்பதற்கு ஹொங்கொங் நகரத்து அநுபவம் ஒன்று தக்க சான்றாகும்.

வலிப்பு நோய்க்கும் முகநரம்பு வலிக்கும் வழங்கப்படும் காபமசெப்பின் என்னும் மருந்து, 1953ஆம் ஆண்டிற் சுவிற்சலாந்திலுள்ள பாசெல் நகரில் ஆக்கப்பட்டது. விலை குறைந்தது, நன்கு பயன்படுவது, உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் அதனைத் தீங்கின்றி உட்கொண்டுள்ளனர். ஆயினும், மிகச் சிலருக்கு அதனை உட்கொள்ளத் தொடங்கிய சில வாரங்களுள் காய்ச்சல் தோன்றி, வாயும் கண்ணும் புண்ணாகி, தீப்புண் பட்டாற்போல் உடலின் தோல் கொப்பளித்து உரியும். 1922ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் இரு சிறுவர்களிடம் இத்தகைய நோயை விவரித்த ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்னும் வைத்தியர் இருவரின் பெயராலேயே அஃது இன்றும் வழங்குகின்றது. அதன் கடுமையான வடிவம் வந்துற்றோருள் மூவருக்கு ஒருவர் என்ற அளவில் இறப்பர். தப்பியவருள்ளும் பார்வையிழந்தோர் உளர்.

இக்கேடு ஐரோப்பியரைக் காட்டிலும் சீனர், தாய்லாந்தினர், மலாயர் முதலியோரிடம் மிகுதியாக நிகழக் காரணம் என்ன? 2004ஆம் ஆண்டிலே தாய்வான் ஆராய்ச்சியாளர் இதற்கு விடை கண்டனர். காபமசெப்பினால் இந்நோயுற்ற 44 பேரைச் சோதித்தபோது, 44 பேரிடமும் எச்.எல்.ஏ. பீ 1502 என்னும் ஒரே பரம்பரையலகு வகை காணப்பட்டது. மருந்தைத் தீங்கின்றி உட்கொண்ட 101 பேருள் அது மூவரிடமே இருந்தது. எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் உடற்கலங்களின் மேற்பரப்பில் நின்று, இஃது உடலுக்குரியது, இஃது அயலது என நிர்ப்பீடனக் கலங்களுக்கு அடையாளங் காட்டுவன. மேற்குறித்த வகைப் புரதத்தோடு காபமசெப்பின் இணையும்போது, நிர்ப்பீடனக் கலங்கள் தம் உடலின் தோலையே பகையெனக் கொண்டு அழிக்கத் தலைப்படுகின்றன. குற்றம் மருந்தினதுமன்று, மனிதனதுமன்று; இரண்டின் சேர்க்கையே கேடு விளைப்பது. இவ்வகை ஐரோப்பியரிடமும் யப்பானியரிடமும் மிக அரிது. தென்னாசியரிடம் இடைத்தரமாகக் காணப்படுவது.

காரணம் அறியப்பட்டதும் காப்பும் எளிதாயிற்று. தாய்வானில் 23 வைத்தியசாலைகளில், மருந்து தொடங்குமுன் 4,877 பேர் சோதிக்கப்பட்டனர். நூற்றுக்கு 7.7 பேர் அப்பரம்பரையலகு உடையோராயினர். அவர்களுக்கு வேறு மருந்து கொடுக்கப்பட்டது. ஏனையோர் காபமசெப்பினை உட்கொண்டனர். பழைய கணக்கின்படி ஏறக்குறையப் பத்துப் பேருக்கேனும் வந்திருக்க வேண்டிய அந்நோய் ஒருவருக்கும் வரவில்லை. 2011இல் வெளியான இம்முடிவு தனியாள் மருத்துவத்தின் பெருவெற்றியெனப் போற்றப்பட்டது. அஃது உண்மையே. ஆயினும், ஆராய்ச்சியின் பொருட்டு ஒழுங்குசெய்யப்பட்ட சூழல் வேறு. நாள்தோறும் நூற்றுக்கணக்கான நோயாளர் வந்து நெருக்கும் வெளிநோயாளர் பகுதி வேறு.

ஹொங்கொங்கின் பொது வைத்தியசாலைகள் அனைத்தும் 1990இல் நிறுவப்பட்ட ஒரே அதிகாரசபையின் கீழ் இயங்குவன. 1990களின் நடுப்பகுதி தொடக்கம் அவற்றின் மருந்துச் சீட்டுகள், ஆய்வுகூட முடிவுகள், நோய் முடிவுகள் ஆகியன பொதுவான கணினி முறையொன்றிற் பதியப்பட்டு வருகின்றன. 2008ஆம் ஆண்டில், காபமசெப்பினைப் புதிதாகத் தொடங்குமுன் பரம்பரையலகுச் சோதனை செய்தல் வேண்டும் என்ற விதி அங்கே நடைமுறைக்கு வந்தது. அவ்விதியின் பயனை அறிய விழைந்த ஆராய்ச்சியாளர், புதிதாக எந்த நோயாளரையும் தேடிச் செல்லவில்லை. விதிக்கு முன்னும் பின்னுமாகிய ஆண்டுகளில் வலிப்பு மருந்துகளைப் புதிதாகத் தொடங்கிய ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகளையே எடுத்து ஒப்பிட்டனர். பெயர் முதலிய அடையாளங்கள் நீக்கப்பட்ட அப்பதிவுகள் கூறிய செய்தி எவரும் எதிர்பாராததாயிருந்தது.

காபமசெப்பினால் விளைந்த தோல்நோய் முற்றாக நின்றுபோயிற்று. எனினும், வலிப்பு மருந்துகள் யாவற்றாலும் விளைந்த தோல்நோயின் மொத்த அளவு குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. இம்முரண்பாட்டின் காரணமும் அதே பதிவேட்டிற் கிடந்தது. புதிதாக மருந்து தொடங்கியோருள் காபமசெப்பின் பெற்றோர் நூற்றுக்கு 16 என்ற அளவிலிருந்து 3க்குங் கீழாக வீழ்ந்திருந்தனர். சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை காத்திருப்பதை விட, சோதனை வேண்டாத வேறொரு மருந்தை எழுதிவிடுதல் வைத்தியர்களுக்கு இலகுவாயிற்று. அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் பெனிற்றோயின் ஒன்று. அதுவும் அதே தோல்நோயை விளைக்கவல்லது. விதிக்குப் பின் அதனால் நோயுற்றோரின் வீதம் ஏறியிருந்தது. ஒரு வாயிலை அடைத்த விதி, அடுத்த வாயிலைத் திறந்துவிட்டது. 2014இல் இவ்வாராய்ச்சி வெளிவந்திராவிடில், காபமசெப்பினால் ஒருவரும் நோயுறவில்லை என்ற கணக்கு மாத்திரம் வெற்றியெனப் பறைசாற்றப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

வைத்தியர்களைப் பழித்தல் நேரிதன்று. வலிப்பினால் துடிக்கும் நோயாளியை முடிவு வரும்வரை மருந்தின்றி இருத்தி வைப்பது எங்ஙனம்? சோதனையின் முடிவு மருந்தெழுதும் வேளையிற் கையில் இல்லாமையே குறை. நடந்தவாறு நடந்த திட்டம் செலவுக்கேற்ற பயன் தரவில்லை என்றும், முடிவு உடனே கிடைக்குமாயின் தரும் என்றும் பின்வந்த பொருளாதாரக் கணிப்பொன்று காட்டிற்று. குருதியழுத்தமும் வெல்லத்தின் அளவும் நாளுக்கு நாள் மாறுவன. பரம்பரையலகோ பிறப்பு முதல் இறப்பு வரை மாறாதது. ஆதலின், ஒருமுறை சோதித்துப் பதிவேட்டிற் பொறித்துவிட்டால், இருபது ஆண்டுகள் கழித்தும் அது பயன்படும். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து வண்டர்பில்ற் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் 2010இல் இவ்வழியை மேற்கொண்டது. பின்னொருகால் இன்ன மருந்து வேண்டப்படலாம் எனக் கருதப்பட்டோரின் பரம்பரையலகுகள் முன்கூட்டியே சோதிக்கப்பட்டுப் பதிவேட்டில் வைக்கப்பட்டன. இதயக் குழாய் அடைப்புற்றோர்க்குரிய குளோப்பிடோகிறெல் என்னும் மருந்தே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அம்மருந்தை உடலிற் செயற்படும் வடிவிற்கு மாற்றும் நொதியம் சிலரிடம் நலிந்திருக்கும். அத்தகையோருக்கு வைத்தியர் அதனை எழுதப் புகுந்தவுடன், கணினியே எச்சரித்து மாற்று மருந்தையும் சுட்டும்.

இதனைக் கொண்டு, கணினி வாங்கினாற் போதும், யாவும் கைகூடும் எனக் கருதுவது பேதைமையாகும். சோதனை முடிவு தாளின் நிழற்படமாக எங்கோ ஒட்டப்பட்டிருக்குமாயின், கணினி அதனைப் படித்து எச்சரியாது. குறியீடாக உரிய இடத்திற் பதியப்பட்டிருத்தல் வேண்டும். எச்சரிக்கைகள் அளவிறந்து வருமாயின், வைத்தியர் அவற்றைப் படியாமலே அகற்றிவிடும் பழக்கத்துக்கு ஆளாவர். தனியார் மருத்துவரிடம் பெற்ற மருந்து பொது வைத்தியசாலையின் பதிவேட்டிற்குத் தெரியாது. ஹொங்கொங்கிலும் இருசாராரின் பதிவுகளை நோயாளியின் சம்மதத்துடன் இணைக்கும் முறை 2016இலேயே தொடங்கிற்று.

சம்மதம் என்னும் அச்சொல் இங்கு வழக்கத்திலும் ஆழமான பொருளுடையது. எச்.எல்.ஏ. பீ 1502 உடைய ஒருவரின் உடன்பிறந்தாரும் அதனை உடையவராயிருத்தற்கு ஏறக்குறைய இரண்டில் ஒன்று என்ற வாய்ப்புண்டு. இருவரும் அதனை ஒரே பெற்றோரிடமிருந்து பெற்றிருக்கக்கூடும். ஆயினும், பதிவேடு சோதிக்கப்பட்டவரின் பெயரிலேயே இருக்கும். தம்பியின் பெயரைத் திறக்கும் வைத்தியருக்கு அண்ணனின் முடிவு தோன்றாது. தோன்றச் செய்தல் கணினிக்கு அரிதன்று. ஆனால், அண்ணனின் உடற்செய்தியை அவர் அறியாமல் தம்பியின் வைத்தியருக்குக் காட்டுவதற்கு எவருக்கு உரிமையுண்டு? அதனால் இன்றும் அச்செய்தி வீட்டில் வாய்மொழியாகவே செல்லவேண்டியிருக்கின்றது. அண்ணன் சொன்னாற்றான் தம்பி அறிவான்.