87 நாட்கள்

உங்கள் மகள் ஒரு பரீட்சையில் எல்லோரையும் முந்திக் கொண்டு முதலாவதாக வந்திருக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் அதைவிடப் பெரிய பரீட்சை வருகிறது. ஆனால் அதற்கு அவளை எடுக்க முடியாது என்கிறார்கள். திறமை போதாது என்பதற்காக அல்ல, பிறந்த திகதி பிந்திவிட்டதாம். மூன்று மாதம் முந்திப் பிறந்திருந்தால் எடுத்திருப்பார்களாம். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன சொல்லித் தேற்றுவீர்கள், சகோதரிகளே?

2005ஆம் ஆண்டின் கடைசியில் ஜப்பானில் ஒரு குடும்பத்துக்கு இந்த நிலைதான் வந்தது. அந்தப் பிள்ளையின் பெயர் மாவோ அசாடா. பனித்தரையில் சறுக்கியும் சுழன்றும் துள்ளியும் ஆடுகிற பனிச்சறுக்கு நடனம்தான் அவளுடைய துறை.

மாவோ 1990 செப்டெம்பர் 25ஆம் திகதி நகோயா நகரில் பிறந்தாள். தகப்பனுக்குப் பிடித்த மேடை நடிகை ஒருவரின் பெயரையே மகளுக்கு வைத்தார்கள். மூத்த சகோதரி மாய். இருவரும் சிறு வயதிலே பலே நடனம் கற்று, பிறகு பனித்தரைக்கு வந்தவர்கள். மாவோ சறுக்கத் தொடங்கியது ஐந்து வயதில். சகோதரிகள் இருவரும் ஒரே துறையில் போட்டியிட்டார்கள். இப்படிப்பட்ட வீட்டில் உம்மாவுக்கு என்ன வேலை இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தாயார் கியோக்கோ பயிற்சிக்கும் போட்டிக்கும் பிள்ளைகளோடு கூடவே அலைந்தவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நகோயாவில் பிறந்தது மாவோவின் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். மிதோரி இட்டோ என்பவரும் அதே ஊர்தான். 'ட்ரிபிள் அக்ஸல்' என்ற துள்ளலை 1988இல் போட்டியொன்றில் முதன்முதலாகச் செய்து காட்டிய பெண் அவர். அடுத்த வருடமே உலகச் சம்பியனும் ஆனார். அவரை வளர்த்தெடுத்த மச்சிக்கோ யமாடா என்ற பயிற்றுவிப்பாளரிடமே மாவோவும் போய்ச் சேர்ந்தாள்.

இந்தத் துள்ளலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. பனியையே காணாத நமக்கு இது இலகுவில் விளங்காது. சப்பாத்தின் அடியில் ஒரு கத்தி பொருத்தியிருக்கும். அதன் தடிப்பு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர்தான். அதில் நின்றுகொண்டுதான் இவ்வளவும் செய்கிறார்கள். மற்றத் துள்ளல்களுக்கெல்லாம் பின்பக்கமாகச் சறுக்கி வந்து எழும்புவார்கள். அக்ஸல் மட்டும் முன்பக்கம் பார்த்தபடியே எழும்புவது. இறங்குவதோ பின்பக்கமாக. அதனால் மற்றவற்றை விட அரைச் சுற்று கூடும். ட்ரிபிள் அக்ஸல் என்றால் அந்தரத்தில் மூன்றரைச் சுற்று. ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் இவ்வளவையும் முடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். ஆண்களுக்கே சிரமமான காரியம். மிதோரிக்குப் பிறகு விரல் விட்டு எண்ணக்கூடிய பெண்களே அதைச் செய்திருந்தார்கள்.

2002இல், பன்னிரண்டு வயதில், மாவோ பெரியவர்களுக்கான ஜப்பான் தேசியப் போட்டியில் ஆடி ஏழாம் இடம் பெற்றாள். 2004 டிசம்பரில் கனிஷ்ட பிரிவின் கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியை வென்றாள். கனிஷ்ட பிரிவின் சர்வதேசப் போட்டியொன்றில் ட்ரிபிள் அக்ஸல் செய்த முதல் சிறுமி என்ற பெயரும் அன்றே கிடைத்தது. 2005 மார்ச்சில் கனடாவின் கிச்சனர் நகரில் உலகக் கனிஷ்ட சம்பியன் ஆனாள். அங்கே இரண்டாவதாக வந்தவள் தென்கொரியாவின் கிம் யுனா. அவளும் அதே 1990 செப்டெம்பரில், இருபது நாள் முந்திப் பிறந்தவள். பின்னாளில் இந்த இருவரின் போட்டியைப் பார்க்க இரண்டு நாடுகளும் தொலைக்காட்சியின் முன் குந்தியிருந்தன.

அதே வருடக் கடைசியில் மாவோ சிரேஷ்ட பிரிவுக்கு வந்தாள். சீனாவில் இரண்டாம் இடம், பாரிஸில் முதலாம் இடம். டிசம்பரில் டோக்கியோவில் நடந்த கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில், அப்போதைய உலகச் சம்பியன் ரஷ்யாவின் இரீனா ஸ்லுட்ஸ்காயாவையே தோற்கடித்தாள். பதினைந்து வயது! பெரியவர்களை எதிர்கொள்கிறோம் என்ற பயமே அந்த முகத்தில் இல்லை. சிரித்தபடியே ஆடி முடித்தாள்.

இரண்டு மாதத்தில் இத்தாலியின் டூரின் நகரில் ஒலிம்பிக். ஜப்பான் முழுவதும் மாவோவைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் சர்வதேசச் சங்கத்தின் விதிப்படி, 2005 ஜூலை முதலாம் திகதிக்கு முன் பதினைந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். மாவோவுக்கு 87 நாட்கள் போதவில்லை. அப்போது கிராண்ட் பிரீ போட்டிகளுக்குப் பதினான்கு வயது போதுமாக இருந்தது, ஒலிம்பிக்குக்குப் போதவில்லை. பத்திரிகைகள் எழுதின, பிரதமர் கொய்சுமி கூட இதைப் பற்றிப் பேசினார். விதி மாறவில்லை. டூரினுக்கு மற்ற மூன்று வீராங்கனைகள் போனார்கள். அவர்களில் ஷிசுகா அரகாவா தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரேயொரு பதக்கமும் அதுதான்.

அநியாயம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு தாயாக இருந்து யோசித்துப் பாருங்கள். வளர்கிற எலும்பு, நாளொன்றுக்கு எத்தனையோ தடவை ஐஸில் விழுந்து எழும்புகிற இடுப்பு, முழங்கால். பதக்க ஆசையில் பெரியவர்கள் பிள்ளைகளை வருத்தாமல் இருக்கவே வயதெல்லை வைத்தார்கள். 2022இல் பீஜிங் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துப் பிரச்சினையில் சிக்கிய ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்கும் வயது பதினைந்துதான். உலகமே பார்த்துக் கொண்டிருக்க அந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப விழுந்தது. அதன் பிறகே வயதெல்லையைப் படிப்படியாகப் பதினேழாக உயர்த்த முடிவெடுத்தார்கள். ஆகவே விதியில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் 87 நாளுக்காக ஒரு பிள்ளை நான்கு வருடம் காத்திருக்க வேண்டியிருந்ததே என்ற கவலையும் போகவில்லை.

அந்த நான்கு வருடத்தில் உடம்பு மாறிவிடும். அதுதான் இதில் பெரிய சங்கடம். சிறுமியாக இருக்கும்போது இலகுவாகச் சுழல்கிற உடம்பு, உயரமும் நிறையும் கூடியதும் சொன்ன சொல் கேட்காது. மாவோவுக்கும் அப்படித்தான். ட்ரிபிள் அக்ஸல் ஒரு நாள் வரும், மறுநாள் கைவிட்டுவிடும். 2006 மார்ச்சில் உலகக் கனிஷ்ட போட்டியில் கிம் யுனாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தாள். பிறகு ஊரை விட்டு அமெரிக்காவில் போய்ப் பயிற்சி பெற்றாள். அந்த டிசம்பரில் சொந்த ஊரான நகோயாவில் முதன்முறையாக ஜப்பான் சம்பியன் ஆனாள். 2007 மார்ச்சில் டோக்கியோ உலகப் போட்டியின் முதல் பகுதி முடிந்தபோது ஐந்தாம் இடம். இரண்டாம் பகுதியில் எல்லோரையும் விடக் கூடுதலான புள்ளி பெற்றும், தங்கம் சக ஜப்பானியரான மிக்கி அண்டோவுக்கே போனது. வித்தியாசம் 0.64 புள்ளி!

என் மனதில் நிற்பது 2008 மார்ச்சில் சுவீடனின் கொதன்பர்க் நகரில் நடந்த உலகப் போட்டி. தன்னுடைய பயிற்றுவிப்பாளரைப் பிரிந்து வந்த நேரம் அது. இரண்டாம் பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் ட்ரிபிள் அக்ஸலுக்கு எழும்பப் போனாள். கத்தி வழுக்கியது. துள்ளல் தொடங்கவே இல்லை. அப்படியே விழுந்து ஐஸ் மேல் இழுபட்டுப் போனாள். அரங்கமே மூச்சை அடக்கிக் கொண்டது. சில விநாடிகள்தான். எழும்பினாள், இசையைப் பிடித்துக் கொண்டாள், மீதித் துள்ளல்களை ஒவ்வொன்றாகச் செய்து முடித்தாள். முடிவு வந்தபோது இத்தாலியின் கரோலினா கொஸ்ட்னரை விட 0.88 புள்ளி கூடுதல். பதினேழு வயதில் உலகச் சம்பியன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2010இல் வன்கூவர் ஒலிம்பிக்கில் ஒரே போட்டியில் மூன்று ட்ரிபிள் அக்ஸல் செய்தும் தங்கம் கிம் யுனாவுக்கு, மாவோவுக்கு வெள்ளி. 2011 டிசம்பரில் போட்டிக்காகக் கனடாவுக்குப் போன இடத்தில், உம்மாவுக்குச் சுகமில்லை என்ற செய்தி வந்தது. கியோக்கோவுக்கு ஈரல் நோய். மாவோ போட்டியை விட்டு உடனே திரும்பினாள். ஆனால் போய்ச் சேரும் முன்பே தாய் மௌத்தாகிவிட்டார். நாற்பத்தெட்டு வயதுதான். அதே மாதக் கடைசியில் நடந்த தேசியப் போட்டியில் மாவோ கலந்துகொண்டாள், வென்றாள்.

2014இல் சோச்சி ஒலிம்பிக்கின் முதல் நாளில் எல்லாம் பிழைத்துப் போய்ப் பதினாறாம் இடத்துக்குத் தள்ளப்பட்டாள். பதக்கம் இனி இல்லை என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மறுநாள் தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த இரண்டாம் பகுதியை ஆடினாள். 142.71 புள்ளி. ஆடி முடித்ததும் முகத்தை மேலே உயர்த்தி அழுதாள். கிடைத்தது ஆறாம் இடம். அடுத்த மாதம் சைத்தாமாவில் மூன்றாவது முறையாக உலகச் சம்பியன் பட்டம்.

2017 ஏப்ரலில் போட்டிகளிலிருந்து விலகினாள். 2024 நவம்பரில் டோக்கியோவின் தச்சிக்காவா பகுதியில் மாவோ என்ற பெயரிலேயே ஒரு பனித்தரை திறக்கப்பட்டது. சின்னஞ்சிறு பிள்ளைகள் அங்கே விழுந்து விழுந்து பழகுகிறார்கள்.