காசு சுண்டி முடிஞ்ச செமிஃபைனல்: மின்னல் வந்தா மேட்ச் என்ன ஆகணும்?

இன்னைக்கு எபிசோடு ஒரு ரெண்டு ரூபா காசுல இருந்து ஆரம்பிக்குது.

நான் படிச்சது பெரம்பலூர் பக்கம் ஒரு காலேஜ். ஃபைனல் இயர்ல எங்க ஃபுட்பால் டீம் ஒரு இன்டர் காலேஜ் டோர்னமென்ட்ல செமிஃபைனல் வரைக்கும் போச்சு. எதிர்த்து ஆடினது அரியலூர் பக்கத்து டீம். செப்டம்பர் மாசம். ரெண்டு மணிக்கு மேட்ச்னு சொன்னாங்க. சிறப்பு விருந்தினர் வர லேட்டாச்சு, சால்வை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, கிக் ஆஃப் ஆகும்போது மணி மூணே முக்கால்.

முதல் பாதியில நாங்க ஒரு கோல் போட்டுட்டோம். ரெண்டாவது பாதி ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல மேற்கே, பச்சைமலைப் பக்கம், வானம் மை ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. தூரத்துல உறுமல். ரெஃப்ரி, டோர்னமென்ட் நடத்துறவங்களைப் பார்த்தார். அவங்க ரெஃப்ரியைப் பார்த்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. நாங்க ஆடிக்கிட்டே இருந்தோம்.

பத்து நிமிஷம் கழிச்சு மழை கொட்டின பிறகுதான் விசில் வந்துச்சு. ரெண்டு டீமும் ஓடிப்போய் நின்னது எங்க தெரியுமா? ஒரு பெரிய புளியமரத்துக்கு அடியில. அப்போதான் பக்கத்து வயல்ல இருந்த பனைமரத்து மேல அடிச்சுச்சு. கண்ணு முன்னாடி வெள்ளையா ஒரு வெளிச்சம், அதே நொடியில சத்தம். காது அடைச்சுப் போச்சு. எங்க கோல்கீப்பர் என் கையைப் பிடிச்ச பிடியில மூணு நாள் தழும்பு இருந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அது எங்க அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

மழை விட்டப்போ மணி ஆறு. மைதானம் கரிசல் மண்ணு. காலை வெச்சா பூட்ஸ் மட்டும் உள்ள நிக்கும், கால் வெளிய வரும். வெளிச்சமும் இல்ல. மறுநாள் காலையில ஃபைனல், அதுக்கு வேற ஒரு விருந்தினர். நடத்துறவங்க கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க: டாஸ். எங்க கேப்டன் தலை கேட்டான். பூ விழுந்துச்சு. ஒரு கோல் முன்னாடி இருந்த நாங்க பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டோம்.

ரொம்ப நாள் நான் அந்தக் காசு மேலதான் கோபமா இருந்தேன். இப்போ இதைப் பத்திப் படிச்ச பிறகு கோபம் வேற இடத்துக்குப் போயிடுச்சு. அன்னைக்கு ரெண்டு கேள்விக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. மேட்சை எப்போ நிறுத்தணும்? நிறுத்தின மேட்ச் என்ன ஆகணும்? இந்த ரெண்டையும் இன்னைக்குப் பார்ப்போம்.

நம்ம ஊர்ல ஏன் சாயங்காலமா பார்த்து இடிக்குது?

நம்ம ஊர்ல மேட்சைக் கெடுக்குற மழை ரெண்டு வகை. ஒண்ணு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வர்ற வடகிழக்குப் பருவமழை. காற்றழுத்தத் தாழ்வு, புயல் எல்லாம் இதுல வரும். இது சொல்லிட்டு வர்ற விருந்தாளி. நாலஞ்சு நாள் முன்னாடியே செய்தியில வந்துடும், கலெக்டர் லீவு விட்டாரான்னு விடியற்காலையில போனைப் பார்ப்போம். லீவு விட்டாச்சுன்னா மேட்சும் கேன்சல்.

இன்னொண்ணு சொல்லாம வர்றது. டிவியில வெப்பச்சலன மழைன்னு சொல்றாங்களே, அது. ஏப்ரல், மே மாசத்துலயும் வரும், ஆகஸ்ட், செப்டம்பர்லயும் வரும். பெரம்பலூர், அரியலூர் மாதிரி உள் மாவட்டங்கள்ல பகல் முழுக்கத் தரை காயும். சூடான காத்து ஈரத்தையும் தூக்கிக்கிட்டு மேல ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து, பத்து கிலோமீட்டருக்கு மேலயும் மேகம் கோபுரம் மாதிரி வளரும். அந்த உயரத்துல ஐஸ் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு மோதி உரசும்போது மின்னூட்டம் பிரியும். மேகத்தோட மேல்பக்கம் ஒரு வகை, கீழ்ப்பக்கம் இன்னொரு வகை. தாங்க முடியாம உடையும்போது மின்னல்.

தரை நல்லா சூடேறி இந்த மேகம் வளர்ந்து நிக்கிற நேரம் பெரும்பாலும் மதியம் மூணு மணிக்கு மேல. கிளாஸ் முடிஞ்சு, வெயில் தாழ்ந்து, நாம மேட்ச் வைக்கிற நேரமும் அதுதான். ரெண்டு மணி மேட்ச் மூணே முக்காலுக்குத் தள்ளிப்போனது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு இப்போதான் புரியுது.

மரத்தடி ஏன் கூடாது?

நாம பேப்பர்ல 'இடி தாக்கி பலி'ன்னு படிக்கிறோம். உண்மையில இடி வெறும் சத்தம், அடிக்கிறது மின்னல். இடி சத்தம் கேட்டா 'அர்ஜுனா, அர்ஜுனா'ன்னு சொல்லச் சொல்லுவாங்க எங்க பாட்டி. ஆனா அதோட நிறுத்த மாட்டாங்க, கையைப் பிடிச்சு இழுத்து வீட்டுக்குள்ளயும் தள்ளுவாங்க. அந்த ரெண்டாவது பாதிதான் அறிவியல்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குப்படி 2022-ல இந்தியாவுல மின்னலால இறந்தவங்க 2,887 பேர். நமக்குப் பக்கத்துலயே, 2025 அக்டோபர்ல, கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கம் கழுதூர்ல வயல் வேலைக்குப் போன நாலு பெண்கள் மின்னல் தாக்கி இறந்துபோனாங்க. வயலும் ஃபுட்பால் மைதானமும் மின்னலுக்கு ஒண்ணுதான்: திறந்த வெளி, அதுல நிமிர்ந்து நிக்கிற மனுஷன்.

மின்னல் நேரா தலையில விழுந்தாத்தான் ஆபத்துன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. மரத்துல இறங்கின மின்சாரம் பக்கத்துல நிக்கிற ஆள் மேல தாவும். தரையில இறங்கினது குளத்துல கல் போட்ட மாதிரி சுத்திப் பரவும். ரெண்டு காலையும் அகட்டி நின்னா, ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவுல மின்னழுத்த வித்தியாசம் வந்து, ஒரு கால் வழியா ஏறி இன்னொரு கால் வழியா இறங்கும். ஒரே மின்னல்ல பத்து மாடு, பல பேர் ஒண்ணா விழுறது இதனாலதான்.

2024 நவம்பர்ல பெரு நாட்டுல, வன்காயோ நகரத்துக்குப் பக்கத்துல சில்காங்கிற இடத்துல ஒரு உள்ளூர் மேட்ச். புயல் வருதுன்னு ரெஃப்ரி மேட்சை நிறுத்திட்டார். வீரர்கள் மைதானத்தை விட்டு நடந்து வெளிய போயிட்டிருக்காங்க. அப்போ அடிச்சுச்சு. ஒருத்தர் இறந்துட்டார், வேற சிலருக்குக் காயம். நிறுத்தணும்ங்கிற முடிவு சரிதான். ஆனா மைதானத்தை விட்டு வெளிய வரவும் நேரம் வேணும், அந்த நேரமும் கணக்குல இருக்கணும்.

முப்பதும் முப்பதும்

அதுக்குத்தான் எளிமையான ஒரு கணக்கு இருக்கு. வெளிச்சம் உடனே கண்ணுக்கு வந்துடும். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் மூணு நொடி ஆகும். மின்னல் பார்த்து முப்பது நொடிக்குள்ள இடி கேட்டா, மின்னல் பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கு. உடனே உள்ள போகணும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் ஆகுற வரைக்கும் வெளிய வரக்கூடாது. நடுவுல இன்னொரு இடி கேட்டா கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்துல இருந்து.

மழை பெய்யுதா இல்லையாங்கிறது இந்தக் கணக்குலயே இல்ல, கவனிச்சீங்களா? மழை மேகத்துல இருந்து பத்து, பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி, காய்ஞ்ச தரையிலயும் மின்னல் விழலாம். மழை வந்தப்புறம் நிறுத்தலாம்னு நினைச்ச எங்க மேட்ச்ல அந்தப் பத்து நிமிஷம்தான் ரொம்ப ஆபத்தான நேரம்.

அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால்ங்கிறது வேற விளையாட்டு, கையில பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறது. அங்க காலேஜ் மேட்சுக்கே பல்லாயிரம் பேர் வருவாங்க. 2018 செப்டம்பர் 1-ம் தேதி நெப்ராஸ்கா, ஏக்ரன் மேட்ச். புது கோச்சுக்கு முதல் மேட்ச், அரங்கம் நிறைஞ்சிருக்கு. முதல் கிக் அடிச்ச உடனே மின்னல். மணிக்கணக்கா காத்திருந்து, கடைசியில மேட்சையே கேன்சல் பண்ணாங்க. காசு போச்சு, டிவி நேரம் போச்சு. ஆனா யார் நிறுத்துறதுன்னு அங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிக்கல. எழுதி வெச்ச விதி நிறுத்துச்சு.

நம்ம ஃபுட்பால்லயும் ஒரு உதாரணம். 2025 ஜூன்ல அமெரிக்காவுல கிளப் உலகக் கோப்பை, செல்சி, பென்ஃபிகா மேட்ச். செல்சி 1-0 முன்னிலை, முடிய நாலஞ்சு நிமிஷம்தான் பாக்கி. மின்னல் எச்சரிக்கை. கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் நிறுத்தினாங்க. செல்சி கோச்சுக்குக் கடுப்பு, வெளிப்படையா திட்டினார். திரும்ப ஆரம்பிச்சதும் பென்ஃபிகா பெனால்டியில சமன் பண்ணிடுச்சு! அப்புறம் எக்ஸ்ட்ரா டைம்ல செல்சி 4-1னு ஜெயிச்சது வேற கதை. நாலஞ்சு நிமிஷம் பாக்கி இருந்தாலும் அதை ஆடித்தான் முடிக்கணும்னு காத்திருந்தாங்க. எங்களுக்கு அரை மணி நேரம் பாக்கி இருந்துச்சு.

நிறுத்தின மேட்ச் என்ன ஆகணும்?

ஃபுட்பால் விதிகளை வகுக்குற சர்வதேச அமைப்போட விதிப்புத்தகத்துல ஏழாவது விதி இதைச் சொல்லுது. கைவிடப்பட்ட மேட்சைத் திரும்ப முழுசா ஆடணும்; போட்டி விதிமுறையோ, நடத்துறவங்களோ வேற மாதிரி முடிவு பண்ணாத வரைக்கும். அந்த 'வேற மாதிரி'ங்கிற வார்த்தைக்குள்ளதான் எங்க ரெண்டு ரூபா காசு புகுந்துச்சு. டோர்னமென்ட் ஆரம்பிக்கும் முன்னாடியே 'மழையால நின்னா மறுநாள் காலை ஏழு மணிக்கு, நின்ன நிமிஷத்துல இருந்து, அதே ஸ்கோரோட'ன்னு ஒரு வரி எழுதியிருந்தா காசுக்கு வேலையே இல்ல.

பெரிய இடத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல மூழ்கிக் கிடந்துச்சு. சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் செமிஃபைனலோட முதல் மேட்சைச் சொந்த ஊர்ல ஆடணும். முடியல. புனேவுக்கு மாத்தினாங்க. சென்னை டீம் அங்க கொல்கத்தாவை 3-0ன்னு அடிச்சு, அந்த வருஷம் கோப்பையையே தூக்கிட்டு வந்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ சென்னையில நடக்க வேண்டிய ஃபார்முலா 4 கார் ரேஸ் தள்ளிப்போச்சு; 2024 ஆகஸ்ட் கடைசியில நடத்தினாங்க. காசு, டிவி, ஸ்பான்சர் இருக்கிற இடத்துல இன்னொரு ஊர் கிடைக்கும், இன்னொரு தேதி கிடைக்கும். காலேஜ் பசங்களுக்கு மட்டும் ஏன் டாஸ்?

இதுல பெருசா என்ன போகுதுன்னு கேட்கலாம். ஃபைனல் வரைக்கும் போனாத்தான் தேர்வு பண்றவங்க கண்ணுல படுவோம். மேல போய் ஆடினாத்தான் அந்த சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதுக்கெல்லாம் முதல் படி இந்த மாதிரி மேட்சுதான். எங்க கேப்டனுக்கு அது கடைசி வருஷம். மறுபடி ஆட அவனுக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்ல.

அப்போ என்ன பண்ணலாம்?

பெரிய பட்ஜெட் எதுவும் வேணாம். ஆகஸ்ட், செப்டம்பர்ல மேட்சைக் காலையில வைங்க. விருந்தினர் வரலைன்னா மேட்ச் ஆரம்பிக்கட்டும், அவர் வந்து பரிசு கொடுக்கட்டும். புனேயில இருக்கிற இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனத்தோட 'தாமினி' ஆப்ல, நம்மளைச் சுத்தி 20, 40 கிலோமீட்டருக்குள்ள மின்னல் அடிக்குதான்னு தெரியும். தமிழ்நாடு அரசோட 'டிஎன்-அலர்ட்' ஆப்பும் இருக்கு. மேட்ச் நடக்கும்போது ஒருத்தருக்கு இதைப் பார்க்கிறது மட்டும்தான் வேலைன்னு கொடுங்க. ஆடாத ஒருத்தர், நிறுத்துங்கன்னு சொன்னா ரெஃப்ரி கேட்டே ஆகணும்ங்கிற அதிகாரத்தோட.

எங்க ஓடணும்னு முன்னாடியே காட்டி வைங்க. கான்கிரீட் கட்டடம், இல்லைன்னா கண்ணாடி ஏத்தின பஸ், கார். மரத்தடி வேணாம், பக்கம் திறந்த தகர ஷெட் வேணாம், கோல் போஸ்ட், கம்பி வேலி பக்கம் வேணவே வேணாம்.

மீறி யாருக்காவது பட்டுடுச்சுன்னா, தொட பயப்படாதீங்க. மின்னல் தாக்கினவங்க உடம்புல கரண்ட் தங்கி இருக்காது. மூச்சு இல்லைன்னா, நாடித்துடிப்பு இல்லைன்னா உடனே நெஞ்சை அழுத்தி சிபிஆர் ஆரம்பிங்க, இன்னொருத்தர் 108-க்கு போன் போடட்டும். நின்னுபோன இதயம் திரும்பத் துடிக்க அந்த முதல் சில நிமிஷம்தான் வாய்ப்பு.

அன்னைக்கு மேட்சை நிறுத்தினதுல எனக்கு வருத்தமே இல்ல. பத்து நிமிஷம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்கிறதுதான் வருத்தம். நிறுத்தினதுக்கு அப்புறம் மிச்ச அரை மணி நேரத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கணும்கிறதுதான் வருத்தம். நீங்க ஒரு காலேஜ் டீம்ல ஆடுறீங்கன்னா, அடுத்த டோர்னமென்ட்ல ஃபிக்சர் பேப்பர் கைக்கு வந்ததும் உங்க பி.இ.டி. சார்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், இடி இடிச்சா யார் நிறுத்துவாங்க, மிச்சத்தை எப்போ ஆடுவோம்?"

பதில் பேப்பர்ல இல்லைன்னா எழுதச் சொல்லுங்க. ரெண்டே வரிதான்.